தொண்ணூறடி அகலத்தில் அரை ஏக்கர்

அளந்த அன்றைக்குத் தோட்டத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். அப்பா, நான், நிலத்தை வாங்க வந்த ரைஸ்மில் முதலாளி, அவருடைய கணக்குப்பிள்ளை, டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள வந்த பக்கத்துத் தோட்டத்து மாமா. அம்மா இல்லை. ஊரில் இல்லாமல் இல்லை. அதே தோட்டத்தின் மேற்குக் கோடியில் வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டியவன் நான். எனக்கும் தோன்றவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். நான் மதுரையில் பி.எஸ்ஸி. இயற்பியல் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் நிலம் சமயநல்லூருக்கு அந்தப் பக்கம், திண்டுக்கல் ரோட்டை ஒட்டி. ஒன்றரை ஏக்கர். அகலம் தொண்ணூறு அடிதான். ரோட்டிலிருந்து மேற்கே வாய்க்கால்வரை ரிப்பன் மாதிரி நீளமாக ஓடும். ரோட்டிலிருந்து இருநூற்று நாற்பத்தைந்தாவது அடியில் கிணற்றின் விளிம்புக் கல். அதற்கு அங்கிட்டு மோட்டார் ரூம். வாய்க்காலில் வருஷத்துக்கு இரண்டு மாதம் தண்ணீர் வந்தால் அதிகம். மற்ற நாளெல்லாம் அந்தக் கிணறுதான் எங்களுக்குச் சோறு.

அந்த மோட்டார் கூட்டுறவு சங்கத்துக் கடனில் வந்தது. மூன்று வருஷம் மழை ஏமாற்றியதில் தவணை நின்று, வட்டி ஏறி, பதினாலாயிரத்துச் சொச்சம் ஆகிவிட்டது. கட்டாவிட்டால் மொத்த நிலமும் ஏலத்துக்குப் போகும் என்று நோட்டீஸ் வந்தது. ரோட்டு ஓரத்தில் நெல் காயப்போடுவதற்குக் களம் தேடிக்கொண்டிருந்த முதலாளி ஐம்பது சென்ட் கேட்டார். சென்ட் முந்நூறு. பதினைந்தாயிரம். அப்பா அம்மாவிடம் கேட்டார். அவள் அரிசி களைந்துகொண்டே சொன்னாளாம், அரை ஏக்கர்தானே, கிணற்றுக்கு இங்கிட்டே முடிந்துவிடும், கொடுத்துவிடலாம் என்று. அந்த ஒரு பேச்சை நம்பித்தான் அப்பா அட்வான்ஸ் வாங்கினார். கிணறு எங்கள் பக்கம் நின்றால் மிச்சம் ஒரு ஏக்கரும் பிழைக்கும். கிணறு போனால் ஒரு ஏக்கரும் பொட்டல். விற்றதே கிணற்றைக் காப்பாற்றத்தான்.

அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. எதற்கும் ரேகைதான் வைப்பாள். ஆனால் சமயநல்லூர் பஸ் ஸ்டாப்பில் காய்க்கூடையோடு உட்கார்ந்தாள் என்றால், தராசு முள் ஆடி நிற்பதற்கு முன்னால் விலை வந்துவிடும். கிலோ ஒன்று இருபது. கத்தரிக்காய் ஏழே முக்கால் கிலோ. "ஒம்பது முப்பது குடுங்க." எப்படி என்று ஒருமுறை கேட்டேன். எட்டுக் கிலோவுக்குப் போட்டுக்கொண்டு கால் கிலோவைக் கழித்தேன், இதில் என்ன இருக்கிறது என்றாள். அப்பாவுக்கு அந்த வேகம் கிடையாது. அவர் அளப்பார், அவள் சொல்வாள். நாற்று நடுவதற்குக் குழி எடுத்துவிட்டு, வரிசைக்கு நாற்பத்து மூன்று, இருபத்தாறு வரிசை என்று அப்பா இந்தக் கோடியிலிருந்து கத்தினால், அந்தக் கோடியில் குனிந்து களை பறித்துக்கொண்டிருப்பவள் நிமிராமலே பதில் சொல்வாள். ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு; பத்துப் பன்னிரண்டு பட்டுப்போகும், ஆயிரத்து நூற்று முப்பதாக வாங்கிக்கொண்டு வாருங்கள். வேலையோடு வேலையாக, மூச்சு விடுகிற மாதிரி.

அதை நிறுத்தியவன் நான்தான். நான் நிறுத்தச் சொல்லவில்லை, படித்தேன், அவ்வளவுதான்.

ஆறாம் வகுப்புப் போன வருஷம் லீவு நாளில் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். யாராவது காய் வாங்கினால் அம்மா என்னைப் பார்ப்பாள். "எம் மகன் சொல்லுவான், இருங்க." நான் நோட்டை எடுத்து, எழுதி, பெருக்கி, புள்ளி வைத்துச் சொல்வேன். வாங்க வந்தவர் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அம்மாவுக்கு விடை எப்போதோ தெரியும். தெரிந்துகொண்டே என் வாயிலிருந்து வருவதற்காகக் காத்திருப்பாள். அந்த முகத்தில் அப்படி ஒரு பெருமை இருக்கும். ஒருநாள் தப்பாகச் சொல்லிவிட்டேன். வாங்கியவரிடம் அவளே மெதுவாகத் திருத்திச் சொன்னாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு அவள் சரி பார்ப்பதை விட்டுவிட்டாள். உரக்கடைச் சீட்டு, கூலிக் கணக்கு, சந்தைக் கணக்கு எல்லாம் நான் சனிக்கிழமை ஹாஸ்டலில் இருந்து வரும்வரை ஆணியில் குத்திக் கிடக்கும். அப்பா இந்தக் கோடியிலிருந்து கத்துவதும் நின்றுபோனது. தம்பி வரட்டும், போட்டுக்கிடலாம் என்பார்கள். அவர்கள் வாயிலிருந்து எண்களே குறைந்துகொண்டு வந்தன. எனக்கு அது நான் வளர்ந்ததற்கு அடையாளமாகப் பட்டது.

நானாவது அதை வாங்கி வைத்துக்கொண்டேனா? அதுவும் இல்லை. பதினாறாம் வாய்பாடுவரை ராகம் போட்டுச் சொன்னவன், பி.யூ.சி.யில் மடக்கை அட்டவணைப் புத்தகம் கைக்கு வந்ததும் அதில் சாய்ந்துகொண்டேன். காலேஜில் அறைத் தோழனுக்கு அவன் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து ஒரு கால்குலேட்டர் அனுப்பியிருந்தார். உள்ளங்கை அகலம், பச்சை எழுத்து எரியும். அவன் தூங்கும்போதுகூட அதை நான் எடுத்துத் தட்டிக்கொண்டிருப்பேன். ஒருநாள் பார்த்துவிட்டுச் சிரித்தான். "மாப்ள, பன்னெண்டு ஒம்பதுக்கும் மிஷினா? பேட்டரி எங்கண்ணன் காசுடா." நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பன்னிரண்டு ஒன்பதுக்கு விடை அந்த நிமிஷத்தில் எனக்கு உடனே வரவில்லை என்பதுதான் உண்மை.

என்னோடு போகவில்லை இது. தல்லாகுளத்தில் நாங்கள் சாப்பிடும் மெஸ்ஸில் பரிமாறுகிற அண்ணன் ஒருவர் இருந்தார். எட்டுப் பேர் எழுந்தால் எட்டு இலையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, யார் யார் என்ன சாப்பிட்டார்கள் என்று பைசா பிசகாமல் கல்லாவுக்குக் குரல் கொடுப்பார். கல்லாவில் மிஷின் வந்த பிறகு சீட்டு எழுதச் சொன்னார்கள். ஒரு வருஷம் கழித்து மின்சாரம் போன ஒரு மத்தியானம், மூன்று பேர் சாப்பாட்டுக்கும் இரண்டு ஆம்லெட்டுக்கும் அந்த அண்ணன் விரலை மடக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். அன்றைக்கு அதை வேடிக்கையாகத்தான் பார்த்தேன்.

அந்தக் கால்குலேட்டரை இரவல் வாங்கிக்கொண்டுதான் அளப்பதற்கு ஊருக்கு வந்தேன்.

அகலம் தொண்ணூறு அடி என்பதில் தகராறு இல்லை. இரண்டு பக்கமும் கல் ஊன்றியிருக்கிறது. ரோட்டிலிருந்து எத்தனை அடி போனால் ஐம்பது சென்ட் வரும் என்பதுதான் கணக்கு. அந்த இடத்தில் ஒரு கோடு விழ வேண்டும். ஒரு சென்டுக்கு இத்தனை சதுர அடி என்பதை ஐம்பதால் பெருக்கி, தொண்ணூறால் வகுத்தால் விடை. முதலாளி, "தம்பி காலேஜ் படிக்கிது, அதே போடட்டும்" என்றார். கணக்குப்பிள்ளை நோட்டை மூடி அக்குளில் வைத்துக்கொண்டார். எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். நான் தட்டினேன். இருநூற்று ஐம்பத்திரண்டு. புள்ளிக்கு அப்புறம் ஒன்றும் இல்லாமல் சுத்தமாக வந்தது. அந்தச் சுத்தம்தான் என்னை ஏமாற்றியது. தப்பான விடை இவ்வளவு அழகாக வராது என்று நினைத்தேன்.

டேப்பை இழுத்துக்கொண்டு போன மாமா கிணற்று விளிம்பில் நின்றுவிட்டார். "மாப்ள, இன்னும் ஏழடி உள்ள போகணும்ங்கிற. கெணத்துக்குள்ள எங்கிட்டுப் போயி முளை அடிக்க? எனக்கு நீச்சல் தெரியாதுப்பா." கணக்குப்பிள்ளை சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. தலைத்துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்தார். முதலாளிக்குக் கேட்கக் கூடாது என்று குரலைத் தாழ்த்தியும் அவருக்குக் கேட்டது.

"கெணத்துக்கு இங்கிட்டே முடிஞ்சிரும்னுல்ல ஒங்கம்மா சொன்னா."

"அம்மாவுக்கு என்னப்பா தெரியும்?" என்றேன்.

இதை நான் சத்தமாகச் சொன்னேன். முதலாளியும் கணக்குப்பிள்ளையும் கேட்க வேண்டும் என்றே சொன்னேன். ரேகை வைக்கிற பொம்பளை சொன்ன கணக்கை என் அப்பா ஒரு சபையில் எடுத்துப் பேசுகிறாரே என்ற கூச்சம் எனக்கு. அப்பா வேண்டுமானால் மறுபடி போட்டுப் பார் என்றார். போட்டேன். அதே எண்களைத்தான் அழுத்தினேன். அதே விடைதான் வந்தது. திரையை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பிக் காட்டினேன். அவருக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஆனாலும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தார். தொண்ணூறு இருநூறு பதினெட்டாயிரம் என்பதுவரை எனக்குக் கேட்டது. பிறகு விரல் நின்றது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மறுபடி அதே இடத்தில் நின்றது. மேற்குக் கோடியைப் பார்த்தார். அம்மாவின் தலை வெண்டைச் செடிகளுக்கு மேல் தெரிந்தது. கத்தியிருக்கலாம். படித்த மகனை நிறுத்தி வைத்துக்கொண்டு கத்த அவருக்கு மனம் வரவில்லை.

முதலாளி ஒரு வழி சொன்னார். ஐம்பது சென்டுக்குக் குறைந்தால் அவருக்கு வேண்டாம். கிணறு குறுக்கே வந்தால் என்ன, பொதுவில் இருக்கட்டும், ஆளுக்குப் பாதி என்று எழுதிக்கொள்வோம், மூன்று நாள் நீ இறை, மூன்று நாள் நான், களத்துக்கு எம்புட்டுத் தண்ணி வேண்டியிருக்கும் என்றார். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தம்பி கணக்கு அப்படி வருதுன்னா அப்படியே ஆகட்டும் மொதலாளி என்றார். மாமா கிணற்றின் இரண்டு ஓரத்திலும் முளை அடித்தார்.

அன்று சாயங்காலம் அப்பா அம்மாவிடம் சொன்னபோது அவள் கை வேலை நின்றது. பாதிக் கிணறா, எப்படி என்று கேட்டாள். தம்பி மிஷினில் போட்டான் என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் கால்குலேட்டரைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். மிஷினில் போட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் சொன்னாள். அப்புறம் வெகுநேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எனக்கு அது கிணற்றை நினைத்த வருத்தம் என்றுதான் பட்டது.

மூன்று நாள் கழித்துப் பத்திரம். எழுதுகிறவர் மூக்குக்கண்ணாடியை உயர்த்திக்கொண்டு வாசித்தார்: கிழமேல் அடி இருநூற்று ஐம்பத்திரண்டு, தென்வடல் அடி தொண்ணூறு, ஆகச் சென்ட் ஐம்பது, கிணற்றில் சரிபாதி பாத்தியம். இரண்டு எண்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. அந்த அறையில் எட்டுப் பேர் இருந்தோம். எட்டுப் பேரில் ஒருவர்கூட அந்த இரண்டையும் வாயால் பெருக்கிப் பார்க்கவில்லை. அப்பா கையெழுத்துப் போடக் கற்றிருந்தார், நான்தான் கற்றுக்கொடுத்தேன். எழுத்து எழுத்தாகப் போட்டார்.

சங்கத்துக் கடன் தீர்ந்தது. ஆனால் முதலாளி களத்தோடு நிற்கவில்லை. அங்கேயே நெல் அவிக்கும் தொட்டிகள் கட்டி ஐந்து குதிரைசக்தி மோட்டார் வைத்தார். அவர் முறை மூன்று நாள் முடிந்து எங்கள் முறை வரும்போது கிணற்றில் முழங்கால் தண்ணீர்தான் இருக்கும். மோட்டார் ஒரு மணி நேரம் ஓடும், காற்று இழுக்கும், நின்றுவிடும். அந்தக் கோடையில் வெண்டை போனது, கத்தரி போனது. அம்மா பஸ் ஸ்டாப்பில் உட்காருவது நின்றது. கூடை உத்தரத்தில் தொங்கியது.

அடுத்த வருஷம் ஒரு செய்முறை வகுப்பு. எடையை மாற்றி எழுதுவதற்காக அட்டவணைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். ஒரு பவுண்டு, நானூற்று ஐம்பத்து மூன்று புள்ளி ஆறு கிராம். நான் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த எண். கிணற்றடியில் நான் தட்டிய எண்.

ஒரு சென்டுக்கு நானூற்று முப்பத்தைந்து புள்ளி ஆறு சதுர அடி. எங்கள் பக்கத்தில் ஆடு மேய்க்கிறவருக்கும் தெரியும். நான் நிலத்தைப் பவுண்டில் அளந்திருக்கிறேன். நோட்டின் ஓரத்தில் கையாலேயே போட்டுப் பார்த்தேன். இரண்டு தடவை தப்பு வந்தது. மூன்றாவது தடவை இருநூற்று நாற்பத்திரண்டு வந்தது. பத்தடி. கிணற்றுக்கு மூன்றடி முன்னாலேயே கோடு விழுந்திருக்க வேண்டும்.

லேபிலிருந்து நேராக பஸ் ஏறினேன். அம்மா வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தாள், கூலிக்கு. நான் விஷயத்தைச் சொல்லவில்லை. தொண்ணூறடி அகலத்தில் அரை ஏக்கர் வேண்டுமென்றால் நீளம் எத்தனை அடி என்று மட்டும் கேட்டேன். யோசிப்பாள், விரல் மடக்குவாள் என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை. புளியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"இருநூத்தி நாப்பத்திரெண்டு."

ஒரு புளியைத் தட்டிப் போட்டுவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"அன்னைக்குச் சாயங்காலமே போட்டுப் பாத்தேன்யா. நாலு தடவ போட்டேன். நாலு தடவையும் அதேதான் வந்துச்சு. நீ வேற சொல்றியேன்னு, சரி, போடாமக் கெடந்து எனக்குத்தான் மறந்துபோச்சுன்னு நெனச்சேன்."

மூன்று நாள் இருந்தது. அளந்ததற்கும் பத்திரத்துக்கும் இடையில் முழுசாக மூன்று நாள். சரியான விடையை வைத்துக்கொண்டு அவள் எங்களுக்குச் சோறு போட்டிருக்கிறாள், வெண்டை பறித்திருக்கிறாள், பத்திர ஆபீசுக்குப் போகிறபோது எனக்குச் சட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அவளை நான் அப்படி ஆக்கி வைத்திருந்தேன். தன் தலைக்குள் இருந்ததையே நம்பாத ஆளாக. அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் புளியங்கொட்டையை ஒதுக்கிவிட்டு, சாப்பிட்டியா என்று கேட்டாள்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு எழுந்து கிணற்றுப் பக்கம் போய்விட்டார். அன்று முழுவதும் வீட்டுக்கு வரவில்லை.

மறுநாள் மில்லுக்குப் போனோம். நான் காகிதத்தில் எல்லாம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். முதலாளி படித்தார். கோபப்படவில்லை. எனக்கு மோர் கொண்டுவரச் சொன்னார். பிறகு, "நீங்க குடுத்த கணக்கத்தான தம்பி நாங்க எழுதுனோம்" என்றார். அவருக்கு அன்றைக்கே தெரியுமா தெரியாதா என்று அந்த முகத்தைப் பார்த்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கணக்குப்பிள்ளை மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோர்ட்டுக்குப் போகலாமா என்று மாமா தெரிந்த வக்கீல் ஒருவரைக் கேட்டார். பத்திரத்தில் அடி எழுதி, எல்லை எழுதி, விற்றவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார், பத்து வருஷம் இழுக்கும் என்றார் வக்கீல். அப்பா அதோடு விட்டுவிட்டார்.

கடைசியில் முதலாளியே ஒரு விலை சொல்லி அனுப்பினார். பத்தடியும் பாதிக் கிணறும் திரும்ப வேண்டுமென்றால் ஆறாயிரம். சென்ட் முந்நூறுக்கு விற்ற நிலம். அந்தப் பத்தடி இரண்டு சென்டுக்குக் கொஞ்சம் மேல். மீதியெல்லாம் தண்ணீருக்கு விலை என்று வைத்துக்கொண்டோம். அவர் இவ்வளவு லேசாக இறங்கி வந்தாரே என்று நாங்கள் சந்தோஷம்தான் பட்டோம். அப்பா ஜோடி மாட்டை விற்றார். அம்மாவின் தோடு போனது. மாமா கொஞ்சம் கொடுத்தார். நான் மூன்றாம் வருஷப் பரீட்சைக்குக் கட்ட வைத்திருந்ததையும் சேர்த்துக் கொடுத்தேன். அந்த வருஷம் எழுதவில்லை. மறுபடி அதே ஆபீஸ், அதே மூக்குக்கண்ணாடி. இந்தத் தடவையும் அம்மாவை நாங்கள் கூட்டிக்கொண்டு போகவில்லை. அழைத்தேன், அவள் வரவில்லை என்பது சரியாக இருக்கும். நான் வந்து என்ன செய்யப்போகிறேன் என்றாள்.

அடுத்த மாதம் முதலாளியின் களத்தில் போர் போடுகிற லாரி வந்து நின்றது. எங்கள் புது வேலியிலிருந்து பதினைந்தடி தூரம் இருக்கும். இரண்டு நாள் காது அடைக்கிற சத்தம். இருநூற்றுச் சொச்சம் அடியில் நல்ல ஊற்று கிடைத்தது என்று சாக்லேட் கொடுத்தார்கள். ஆடி பிறப்பதற்குள் எங்கள் கிணற்றில் சேறு தெரிந்தது. ஆவணியில் சேறும் காய்ந்து வெடித்தது. முழுக் கிணறு. இப்போது யாருக்கும் பங்கு இல்லை.

அப்பா உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே, மொத்தம் எம்புட்டு ஆச்சு என்று கேட்டார். கிணற்றுக்கும் பத்தடிக்கும் ஆறாயிரம். ஸ்டாம்பு, ரிஜிஸ்டர் செலவு எழுநூற்று எண்பது. எழுத்துக்கூலி அறுபது. நான் விரலை மடக்கி மெதுவாகக் கூட்டிச் சொன்னேன்: ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய்.